நாலே முக்காலுக்குள் திரும்பிவிடுங்கள்: கியோட்டோ மலைக்கோயில்களுக்கு இலையுதிர் காலச் சைக்கிள் பயணம்

முதல் தடவை போனபோது நாங்கள் ஐந்து பேர், விளக்கு மூன்று. எல்லாம் இரவல் சைக்கிள். குராமா கோயில் அடிவாரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தால் கும்மிருட்டு. மணி ஐந்தரைகூட ஆகவில்லை. சென்னையில் அந்த நேரத்துக்குப் பையன்கள் இன்னும் ஒரு மேட்ச் ஆடலாமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் செங்குத்தாகச் சுகி என்ற ஊசியிலை மரக்காடு, நடுவில் குறுகலான சாலை. விளக்கில்லாத இரண்டு பேர் இறங்கித் தள்ள, விளக்குள்ள மூன்று பேர் முன்னும் நடுவிலும் பின்னுமாகக் காவலுக்கு வர, இச்சிஹாரா வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தோம். அதற்குள் கைவிரல் மரத்துவிட்டது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. இந்த மலைகளில் ஏற்றத்தை யாரும் சமாளித்துவிடலாம். பொழுதைத்தான் சமாளிக்க முடியாது. நவம்பர் நடுவில் கியோட்டோவில் சூரியன் 4:50 வாக்கில் மறைந்துவிடும். மலைக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்குகளில் மூன்றரைக்கே நிழல் விழுந்து குளிர ஆரம்பித்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் சொல்லப்போகிறேன். முதல் தடவை வருபவர்கள், அதிகம் சைக்கிள் ஓட்டிப் பழகாதவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து வருபவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது.

வழி இதுதான். கியோட்டோ நகரின் தெமாச்சியானகியில் தொடங்கி, தகானோ ஆற்றோரமாக வடகிழக்கே ஓஹாரா கிராமம். அங்கிருந்து எபுமி கணவாயைத் தாண்டி ஷிசுஹாரா, இச்சிஹாரா, குராமா. பிறகு கமோ ஆற்றோரமாகத் தெற்கே இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வட்டம்.

எப்போது போவது

கியோட்டோவுக்குள் மேப்பிள் இலை சிவப்பது பெரும்பாலும் நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. மலையில் அதற்கு முன்பே தொடங்கிவிடும். நூறு மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 0.6 டிகிரி அளவுக்குக் குறையும். இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே போகப் போக இலையில் பச்சையம் சிதைந்து, உள்ளே சர்க்கரை தங்கிச் சிவப்பு ஏறுகிறது. ஆகவே நிறம் மலையுச்சியில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் இறங்கி வரும். ஓஹாராவுக்கும் குராமாவுக்கும் நவம்பர் 10 முதல் 25 வரையிலான நாட்களைக் குறிவையுங்கள். காலையில் நகரத்தில் பச்சையாகப் பார்த்த அதே மரத்தை, ஒன்றரை மணி நேரம் மிதித்தபின் சிவப்பாகப் பார்க்கலாம். பேருந்தில் போனால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

நமக்குச் சிவந்த இலை புதிதில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நாட்டுவாதுமை மரம் இலை உதிர்க்கும் முன் செக்கச்செவேலென்று ஆகுமே, அதே கதைதான். ஒரு மரத்தில் நடப்பது இங்கே மலை முழுக்க நடக்கிறது. இதைப் பார்க்கப் போவதற்கு ஜப்பானியர் ‘மோமிஜிகாரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேப்பிள் வேட்டை என்று அர்த்தம்.

வார நாளில் வர முடிந்தால் வாருங்கள். சனி, ஞாயிறு என்றால் கார் வரிசைக்கு நடுவில்தான் மிதிக்க வேண்டியிருக்கும். நவம்பர் 23 அரசு விடுமுறை. அந்த வாரக்கடைசியை விட்டுவிடுவது உத்தமம்.

நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள். இங்கேயும் அதே மாதங்களில் ஒரு வாடைத் தூறல் உண்டு, ‘ஷிகுரே’ என்பார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வடக்கு மலையிலிருந்து வந்து பத்து நிமிடம் நனைத்துவிட்டுப் போய்விடும். வானிலை அறிக்கையில் ‘தெளிவான வானம்’ என்று போட்டிருந்தாலும் மெல்லிய மழைச்சட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது இங்கே சட்டப்படி குற்றம்.

எந்தச் சைக்கிள்

வாடகைக் கடையில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். முதலாவது ‘மாமாசாரி’. முன்னால் கூடை வைத்த, கனமான, கியர் இல்லாத அல்லது மூன்றே கியர் உள்ள குடும்பச் சைக்கிள். ஊருக்குள் சுற்ற அருமையானது, மலைக்கு வேண்டாம். இரண்டாவது, கியர் நிறைய உள்ள, நேர் ஹேண்டில்பார் வைத்த ‘கிராஸ் பைக்’. மூன்றாவது மின்துணைச் சைக்கிள். நாம் மிதித்தால்தான் மோட்டார் உதவும், 24 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உதவாது. ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை.

என் யோசனை: குழுவில் யாருக்குக் கால் பலம் குறைவோ அவருக்கு மின்துணைச் சைக்கிளைக் கொடுங்கள். கௌரவம் பார்த்துக்கொண்டு மறுப்பார்கள், விடாதீர்கள். எங்கள் குழுவில் அப்படி மறுத்தவர்தான் எபுமி கணவாயில் ஓரமாக உட்கார்ந்து ‘நீங்க போங்கப்பா’ என்றார். அடுத்த வருஷம் மின்துணைச் சைக்கிளில் வந்தவர், மேலே போய் நின்றுகொண்டு எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் கவனம். பேட்டரி முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தட்டையான சாலையில் துணையைக் குறைத்து வைத்து, மேட்டுக்குச் சேமியுங்கள்.

முந்தின நாளே சைக்கிளைப் பதிவு செய்துவிடுங்கள். காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். பல கடைகள் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். முந்தின நாள் மாலையே எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கியோட்டோவில் சைக்கிள் ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பீடு கட்டாயம். வாடகையில் அதுவும் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கடையிலிருந்து எடுக்கும்போது ஐந்து நிமிடம் செலவழியுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். வாடகைச் சைக்கிளில் சீட்டை எப்போதும் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அப்படியே மலையேறினால் சாயங்காலம் முழங்கால் பேசும். அப்புறம் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விளக்கைப் போட்டுப் பாருங்கள், முன்னாலும் பின்னாலும். விளக்கு விஷயத்தில் நான் சொன்னால் நம்புங்கள்.

சொந்தச் சைக்கிளோடு வேறு ஊரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளை அப்படியே ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றியோ மடித்தோ பைக்குள் முழுதாகப் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பைக்கு ‘ரின்கோ’ பை என்று பெயர். சக்கரம் வெளியே எட்டிப்பார்த்தாலும் நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

நவம்பரில் பகலில் 15, 17 டிகிரி, அதிகாலையில் 7, 8 டிகிரி. ஏறும்போது வியர்க்கும், இறங்கும்போது அந்த வியர்வையே குளிராக மாறி நெஞ்சைப் பிடிக்கும். ஒரே தடிமனான ஸ்வெட்டர் போட்டு வருவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சீக்கிரம் காயும் பனியன், அதன்மேல் மெல்லிய முழுக்கைச் சட்டை, பையில் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். ஏற்றம் தொடங்கும் முன் கழற்றுங்கள், உச்சியில் நின்றதும் முதல் வேலையாகப் போடுங்கள். படம் எடுப்பது அதற்கு அப்புறம். முழுவிரல் கையுறை கட்டாயம். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக. இது ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஓட்டை இல்லாத சாக்ஸ்.

சிறிய பம்ப், உபரி டியூப், ஸ்பேனர். மாமாசாரியில் இருப்பது நம்மூர்ச் சைக்கிளில் பார்க்கும் அதே வால்வ்தான். கிராஸ் பைக்கில் ஒல்லியான பிரெஞ்சு வால்வ் இருக்கும், அதற்குப் பம்ப் தலை வேறு. இரண்டு வகைச் சைக்கிளும் குழுவில் இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும் பம்ப் வேண்டும். ஓஹாராவைத் தாண்டினால் பஞ்சர் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சில்லறை நாணயங்கள். கோயில் நுழைவுக்கு ஓரிடத்துக்கு 500 முதல் 1000 யென் வரை ஆகும். கிராமத்துக் கடைகளிலும் காசாக வாங்குவதுதான் வழக்கம். தானியங்கி இயந்திரங்களில் சூடான காப்பியும் தேநீரும் கிடைக்கும். விலைக்குக் கீழே சிவப்புப் பட்டை இருந்தால் சூடு, நீலம் இருந்தால் குளிர்ச்சி.

பையில் ஒரு சின்ன மணி கட்டிக்கொள்ளுங்கள். வடக்கு மலைகளில் கரடி நடமாட்டம் உண்டு. இலையுதிர் காலத்தில் தீனி தேடிக் கீழே இறங்கும். மனிதச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும். நாலு தமிழர் சேர்ந்து போனால் மணியே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

சட்டம், சாலை, வரிசை

நம்மூர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். அதில் குழப்பமில்லை. ஆனால் நண்பர்களோடு போகும்போது கை தானாகவே செய்யும் சில காரியங்கள் இங்கே கூடாது. பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டக் கூடாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். 2024 நவம்பர் முதல் சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் வைத்துப் பார்த்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம். மது குடித்துவிட்டு ஓட்டினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். மதிய உணவோடு ஒரே ஒரு பீர் என்பதற்கும் இது பொருந்தும். வழியைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நின்று பாருங்கள். ஹெல்மெட் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் போட முயல வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் அபராதம் இல்லை, ஆனால் மலை இறக்கத்துக்கு ஹெல்மெட் இல்லாமல் வருபவரை நான் கூட்டிப்போக மாட்டேன்.

வரிசை இப்படி இருக்கட்டும். வழி தெரிந்தவர் முன்னால். அடுத்த இடத்தில் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில். மெதுவானவரைப் பின்னால் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? மற்றவர்கள் மேலே போய் இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள், அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ‘சரி, கிளம்பலாம்’ என்பார்கள். அவருக்கு ஓய்வே கிடையாது. இரண்டு ஏற்றத்துக்குள் மனம் விட்டுவிடும்.

காலை 7:30, தெமாச்சியானகி

கமோ ஆறும் தகானோ ஆறும் கலக்கும் இடம். தண்ணீருக்கு நடுவே ஆமை வடிவக் கற்கள் போட்டிருப்பார்கள், குழந்தைகள் தாவித் தாவிக் கடப்பார்கள். பக்கத்திலேயே ‘மாமே மோச்சி’ என்ற பட்டாணி பதித்த அரிசி மாவு இனிப்புக்குப் பேர்போன தெமாச்சி ஃபுதாபா கடை. காலையில் திறந்திருக்காது, சாயங்காலம் தீர்ந்திருக்கும். இந்தப் பயணத்தில் அது நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சாப்பாட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை இருக்கும் 24 மணி நேரக் கடையில் ஒனிகிரி என்ற சோற்றுருண்டை, வாழைப்பழம், வேர்க்கடலை. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: மலையில் கிடைக்கும் நூடுல்ஸ், சூப், காய்கறிப் பொரியல் எல்லாவற்றிலும் ‘தஷி’ இருக்கும். பெரும்பாலும் அது உலர்ந்த மீன் சீவலில் வடித்த சாறு. கறி இல்லை என்று சொல்வார்கள், மீன்சாறு அவர்கள் கணக்கில் வராது. உப்பில் ஊறிய பிளம் வைத்த ‘உமே’ ஒனிகிரி ஓரளவு பாதுகாப்பான தேர்வு. நான் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். குளிரில் கெடாது, கையில் ஒட்டாது, மலை ஏறினவனுக்கு அதைவிட ருசியான பண்டம் இல்லை.

தகானோ ஆற்றின் கரையைப் பிடித்து வடகிழக்கே போனால் யாசே வரும். வலதுபக்கம் ஹியேய் மலை நிற்கும். இங்கிருந்து 367ஆம் எண் நெடுஞ்சாலை. ஜப்பான் கடலோரத்து வாகாசாவிலிருந்து உப்பிட்ட கானாங்கெளுத்தி மீனைத் தோளில் சுமந்து கியோட்டோவுக்குக் கொண்டுவந்த பழைய வழி இது. ‘சபா கைதோ’, கானாங்கெளுத்திச் சாலை. இன்றைக்கு அதில் பேருந்தும் காரும்தான். எட்டரைக்கு முன் கடந்துவிட்டால் நிம்மதி. யாசேயில் ரூரிகோ-இன் என்ற கோயில் இருக்கிறது. மெருகேற்றிய மேசையில் மேப்பிள் மரங்கள் தலைகீழாகத் தெரியும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். 2000 யென் கட்டணம், நீண்ட வரிசை. அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள், இன்றைக்கு வேண்டாம்.

ஏற்றம் மெதுவானது. ஓஹாரா வரை 15 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 200 மீட்டர்தான் ஏறுகிறோம். பேசிக்கொண்டே மிதிக்கும் அளவுக்குக் கியரைக் குறையுங்கள். பேச மூச்சு இல்லை என்றால் வேகம் அதிகம்.

ஓஹாரா

ஒன்பது மணிவாக்கில் பள்ளத்தாக்கு சட்டென்று விரியும். அறுவடை முடிந்த வயல்கள், மேலே மஞ்சளும் சிவப்புமாக மலை, வைக்கோல் கொளுத்திய வாசனை. எனக்கு ஒவ்வொரு தடவையும் தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றின் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் விறகுக் கட்டைத் தலையில் சுமந்து கியோட்டோவுக்கு நடந்துபோய் விற்றார்கள். ‘ஓஹாராமே’ என்று அவர்களுக்குப் பெயர். நாம் மூச்சு வாங்க ஏறி வந்த அதே வழி.

சைக்கிளைக் கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். கோயில் சுவரில் சாய்ப்பது கூடவே கூடாது. அடிவாரத்தில் ஏதாவது கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு ‘கோகோ நி தொமெதே மோ ஈ தெஸ் கா’, அதாவது இங்கே நிறுத்தலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

சன்சென்-இன் கோயிலுக்குச் சிற்றோடையை ஒட்டிப் பத்து நிமிட நடை. வழி நெடுக ஊறுகாய்க் கடைகள். கத்தரிக்காயையும் சிவப்பு ஷிசோ இலையையும் உப்பில் ஊறவைத்த ‘ஷிபாசுகே’ இந்த ஊர்ச் சரக்கு. எண்ணெயும் மிளகாயும் இல்லாத ஊறுகாயா என்று முகம் சுளிக்க வேண்டாம், புளியோதரைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கோயிலுக்குள் காலணியைக் கழற்ற வேண்டும். மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும். வியர்வையில் நனைந்த சாக்ஸோடு நின்றால் அரை மணியில் பாதம் மரத்துவிடும். கூடுதல் ஜோடி இதற்குத்தான், வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே பாசித் தோட்டம். சுகி மரங்களின் நேர்க்கோடுகளுக்கு நடுவே வெல்வெட் போலப் பாசி, அதன்மேல் உதிர்ந்த மேப்பிள் இலைகள். பாசியோடு பாசியாகச் ஜிஸோ என்ற போதிசத்துவரின் சின்னச் சின்னக் கல் உருவங்கள். ஒன்று குப்புறப்படுத்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருக்கும். எல்லோரும் படம் எடுப்பது இதைத்தான். ஆனால் தோட்டத்தின் நடுவே இருக்கும் சிறிய மண்டபத்துக்குள் போகாமல் வந்துவிடாதீர்கள். அமிதாப புத்தரும் இரு பக்கமும் இரண்டு போதிசத்துவர்களும், 1148ஆம் ஆண்டுச் சிற்பங்கள். போதிசத்துவர் இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். முதுகு நேராக இல்லை, முன்னால் சாய்ந்திருக்கிறது. இதோ எழுந்து வரப்போகிற உடம்பு. சாகும் தறுவாயில் இருப்பவரை அழைத்துப்போக வருகிறார்களாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனாலேயே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார முடிகிறது.

பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் ஜக்கோ-இன். 1185இல் தன்னோஊரா கடற்போரில் தைரா என்ற போர்க்குலம் அழிந்தபோது, ஏழு வயதுகூட நிறையாத அந்தோகு பேரரசரும் கடலில் மூழ்கினார். உயிர்பிழைத்த தாய் கென்ரெய்மோன்-இன் துறவியாகி வாழ்ந்த இடம் இது. மூலமண்டபம் 2000இல் எரிந்துபோய் 2005இல் திரும்பக் கட்டினார்கள். சன்சென்-இன்னைவிடக் கூட்டம் பாதிதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், முதல்முறை வருபவர் சன்சென்-இன், கூட்டம் ஆகாதவர் ஜக்கோ-இன். மூன்றாவதாக இன்னொன்றையும் பார்த்துவிடலாமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். அங்கேதான் நாள் கெடும். ஒரு நாளைக்கு இரண்டு கோயில்கள், ஒன்று இங்கே, ஒன்று குராமாவில்.

பதினொன்றரைக்கு எல்லோரையும் ஒன்றுசேர்த்து நேரடியாகக் கேளுங்கள்: யாருக்காவது முழங்கால் வலி உண்டா? பிரேக் சரியாக இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் இங்கிருந்தே திரும்பிவிடலாம். வந்த வழியே இறக்கம்தான், மிதிக்காமலே பாதி தூரம் போய்விடும். கணவாயைத் தாண்டிவிட்டால் அந்த வசதி இல்லை.

எபுமி கணவாயும் இறக்கமும்

ஓஹாராவிலிருந்து மேற்கே திரும்பும் 40ஆம் எண் சாலை. தூரம் அதிகமில்லை, ஆனால் இன்றைய நாளின் செங்குத்து இதுதான். சுகி மரங்கள் வெயிலை மறைத்துவிடும். முடியாதவர்கள் இறங்கித் தள்ளுங்கள். பதினைந்து நிமிடம்தான் கூடுதலாகும்.

உச்சியில் ஜாக்கெட் போட்டாயிற்றா? இப்போது கவனமாகப் படியுங்கள். இந்தப் பயணத்தில் ஆள் விழுவது ஏற்றத்தில் இல்லை, இங்கேதான். பார்க்க வந்த இலைதான் காலை வாரிவிடும். நனைந்த மேப்பிள் இலைகள் தார்ச்சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வாழைப்பழத் தோலை மிதித்த மாதிரிதான். வெயில் படாத வளைவுகளில் ஓரத்துப் பாசி, ஈரமான வெள்ளைக்கோடு, சாக்கடை மேல் போட்ட இரும்புச் சட்டம் எல்லாமே அதே ரகம்.

வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். இங்கேயும் நம்மூர் மாதிரி வலதுகை முன்பிரேக். இறக்கத்தில் அதை மட்டும் இறுக்கினால் தலைகுப்புறத்தான். ஒருவருக்கொருவர் ஐந்தாறு சைக்கிள் நீளம் இடைவெளி. எங்கள் குழுவில் ஒரு நண்பர் முன்னால் போனவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனார். முன்னவர் ஒரு குரங்கைப் பார்த்து நின்றார். பிறகு இருவரும் சேர்ந்து வேலியைப் பார்த்தார்கள். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. பெரிதாக ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110.

கீழே ஷிசுஹாரா. சின்னக் கிராமம், ஓசையில்லாத இடம். சாப்பாட்டுப் பொட்டலத்தை இங்கே பிரியுங்கள். குப்பையைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தொட்டி எங்கும் கிடைக்காது. பிறகு இச்சிஹாரா வரை இறக்கம்.

குராமா

இச்சிஹாராவில் வடக்கே திரும்பி, குராமா ஆற்றை எதிர்த்து நாலைந்து கிலோமீட்டர் லேசான ஏற்றம். பக்கத்திலேயே எய்சான் ரயில் பாதை. இச்சிஹாராவுக்கும் நினோசேவுக்கும் நடுவே தண்டவாளத்தின் இரு பக்கமும் மேப்பிள்கள் வளைந்து கூரை போட்டிருக்கும். ரயில் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துப் போகும். சாலையிலிருந்து அந்த ரயிலைப் பார்ப்பது உள்ளே உட்கார்ந்து பார்ப்பதற்குக் குறைவில்லை.

ஒன்றரைக்குள் குராமா நிலையம் வந்துவிட வேண்டும். வாசலில் நீண்ட மூக்கோடு சிவந்த முகத் தெங்கு பூதம் வரவேற்கும். இந்த மலையில்தான் யோஷித்சுனே என்ற வீரன் சிறுவனாக இருந்தபோது தெங்குவிடம் வாள் பயின்றான் என்பது கதை.

குராமா-தேரா 770இல் தோன்றியதாகச் சொல்லப்படும் கோயில். இங்கே வணங்கப்படும் பிஷமோன்தென் யார் தெரியுமா? வைசிரவணன், நம் குபேரன். வடதிசைக் காவலன் என்பதால் தலைநகருக்கு வடக்கே இந்த மலையில் இருக்கிறார். அவரோடு வணங்கப்படும் மாவோசோன், 65 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்து இறங்கியவர் என்கிறது கோயில். வாசலில் சிங்கத்துக்குப் பதில் புலி காவல் நிற்கிறது.

அடிவார வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறுங்கள். நடந்தால் அரை மணிக்கு மேல், கேபிள் காரில் ஏறினால் இரண்டு நிமிடம். தொடை கனத்திருக்கும் இந்த நேரத்தில் கேபிள் காரில் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இறங்கும்போது நடக்கலாம். கோயிலுக்குப் பின்புறம் மலையைத் தாண்டிக் கிபுனேவுக்கு ஒரு நடைபாதை இருக்கிறது, மரவேர்கள் பின்னிக்கிடக்கும் அழகான பாதை. ஆனால் நம் சைக்கிள் இந்தப் பக்கம் நிற்கிறது. ஆசைப்பட வேண்டாம்.

கிபுனே கோயிலின் சிவப்பு விளக்குப் படிக்கட்டு வேண்டும் என்பவர்கள், திரும்பும் வழியில் கிபுனேகுச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏறலாம். அது மழைத் தெய்வத்தின் கோயில். மழை வேண்டிக் கறுப்புக் குதிரையும், மழை நிற்க வெள்ளைக் குதிரையும் அந்தக் காலத்தில் காணிக்கை கொடுத்தார்கள். ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் கோயில் என்பதால் இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும். புத்த கோயிலில் கைதட்டக் கூடாது, கும்பிட்டால் போதும். ஆனால் நவம்பரில் அந்தச் சாலை காரும் ஆளுமாக அடைத்துக்கொள்ளும். மணி இரண்டரையைத் தாண்டியிருந்தால் கிபுனேவை விட்டுவிடுங்கள்.

மூன்றேகால், கிளம்புங்கள்

தேநீர் வேண்டாம். நான் குடித்த தேநீரின் கதைதான் முதலிலேயே சொன்னேனே. விளக்குகளை இப்போதே போட்டுக்கொண்டு இறங்குங்கள். இச்சிஹாரா, நிகென்ச்சாயா, ஒரு சின்ன மேடு, பல்கலைக்கழகத்தைத் தாண்டினால் கமோ ஆறு. அதன் கரையைப் பிடித்துவிட்டால் வழி கேட்க வேண்டியதில்லை, தண்ணீர் போகும் திசையில் போனால் தெமாச்சியானகி. ஆற்றங்கரைப் பாதையில் நடப்பவர்கள், நாய்கள், சாக்ஸபோன் பழகும் மாணவர்கள் எல்லோரும் இருப்பார்கள். மணியடித்து விலக்காதீர்கள், மெதுவாகச் சுற்றிப் போங்கள்.

நாலேகாலிலிருந்து நாலே முக்காலுக்குள் சேர்ந்துவிடலாம். வாடகைக் கடை மூடும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்திருப்பீர்கள். சைக்கிளைக் கொடுத்ததும் நேராக ஒரு ‘செந்தோ’, பொதுக் குளியலறைக்குப் போங்கள். கியோட்டோவில் பேட்டைக்குப் பேட்டை உண்டு, கட்டணம் ஒரு கிண்ண நூடுல்ஸைவிடக் குறைவு. துணி எதுவும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தண்ணீர் நாற்பது டிகிரிக்கு மேல் இருக்கும். கால் வைத்ததும் ‘அம்மா’ என்று கத்துவீர்கள். ஏற்கெனவே கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்வார்.